எட்டாவது கை

ஐயம்பெருமாள் குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் கிளம்பிப் போனது ஆயுத பூஜை அன்று, வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒரு மணிக்கு. சிவப்பு வேட்டி, கழுத்தில் மாலை, தோளில் ஒரு சாக்குப்பை. பைக்குள் ஒட்டுப்பலகையில் வெட்டிக் கருநீலம் அடித்த கைகள். நாற்பத்தொரு நாள் விரதம் இருந்து காளி வேஷம் கட்டப் போகிற மனுஷனை மில்லின் பம்ப் அறை வாசலில் நின்று வழியனுப்பியவள் பெர்சிஸ்.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி. அம்மன்கிட்ட எனக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்லுங்க."

"ஒனக்கு எதுக்கு? ஒங்க ஆளுதான் ஒண்ணுக்கு மூணா இருக்காவள்லா."

"மூணு பேருக்கும் இந்தப் பழைய இஞ்சினப் பாத்துக்கிடவே நேரம் போதல அண்ணாச்சி."

அவர் சிரித்தார். அதற்குள் கேட்டுப் பக்கமிருந்து நெல்லையப்பனின் குரல் வந்தது. அவர்தான் வேஷக் குழுவுக்குத் தலைவர். "ஏலே ஐயம்பெருமாளு, காளிக்காகப் பஸ்ஸு நிக்காது வே! ஓடி வா!"

"ஞாயித்துக்கெழம வந்துருவேன். செவப்பியப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ஐயம்பெருமாள் ஓடினார். பெர்சிஸ் அவரை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

செவப்பி என்பது பெண்பிள்ளை இல்லை. சேரன்மகாதேவி சாலையில், தாமிரபரணிக் கரையோரம் இருக்கும் அந்த நூற்பு மில்லின் தீயணைப்புப் பம்பை ஆளுகிற கன்ட்ரோலர். ஆளுயரச் சிவப்புப் பெட்டி. மில்லில் எங்கே தீப்பிடித்தாலும் யாராவது ஓடிப்போய் ஹைட்ரண்ட் வால்வைத் திறப்பார்கள்; குழாயில் அழுத்தம் இறங்கும்; இறங்கியதை உணர்ந்து டீசல் இஞ்சினைக் கிளப்பிவிடுவது செவப்பியின் வேலை. கரண்ட் போனாலும் கவலையில்லை, அதற்கென்றே இரண்டு பேட்டரிகள். ஒரு பேட்டரியில் பதினைந்து விநாடி முடுக்குவாள், பதினைந்து விநாடி ஓய்வு, பிறகு அடுத்த பேட்டரியில் பதினைந்து விநாடி. இப்படி ஆறு தடவை. ஆறிலும் இஞ்சின் பிடிக்கவில்லை என்றால் கைகழுவிவிட்டு மணியடிப்பாள்.

அவள் முகத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆட்டோ, ஆஃப், மேனுவல் என்று மூன்று நிலை. ஆட்டோவில் கிடந்தால் விழித்திருக்கிறாள் என்று அர்த்தம். ஆஃபில் கிடந்தால் மில்லே எரிந்தாலும் அவளுக்குத் தெரியாது.

பெர்சிஸுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் ஒரு வேதக்கோயில் மணிக்காரரின் மகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா மணிக்கயிற்றை இழுக்கும்போது எத்தனை அடி என்று எண்ணிச் சொல்வது சின்ன வயதில் அவள் வேலை. எண்ணும் பழக்கம் அப்படி ஒட்டிக்கொண்டது. படிக்கட்டை எண்ணுவாள், பஸ் நிறுத்தத்தை எண்ணுவாள், இஞ்சின் நின்ற பிறகு சக்கரம் எத்தனை சுற்றில் அடங்குகிறது என்று எண்ணுவாள். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் வகுப்பில் முப்பது பையன்களுக்கு நடுவில் இவள் ஒருத்தி. ஒன்பது வருஷம் ஒரு ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அறை, பிறகு பதினோரு வருஷமாக இந்த மில். இரண்டு வரன் வந்தது. ஒருத்தர் கையில் டீசல் வாடை என்றார், இன்னொருத்தர் வேலையை விடச் சொன்னார். இரண்டு பேருக்கும் அவள் அம்மா நல்ல காப்பியாகப் போட்டுக்கொடுத்து அனுப்பிவைத்தாள்.

பம்ப் அறை மில்லின் கடைக்கோடியில், ஆற்றைப் பார்த்து இருந்தது. இரண்டே ஆள், இரண்டே சாவி. ஒன்று அவளிடம், ஒன்று ஐயம்பெருமாளிடம். சனிக்கிழமை காலை இஞ்சினை அரைமணி நேரம் ஓட்டிச் சோதிப்பார்கள். ஆயில் பிரஷர், தண்ணீர்ச் சூடு எல்லாவற்றையும் அவள் சுவரில் ஒட்டிய தாளில் எழுதுவாள். அவர் பக்கத்தில் நின்று இஞ்சின் சத்தத்துக்குப் பொருள் சொல்வார்: "இன்னைக்கு இவளுக்குக் கோவம்." "இன்னைக்குக் கல்யாண வீட்டுக்குப் போற நெனப்பு."

ஆயுத பூஜை அன்று ஆயுதங்கள் உறங்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். வருஷா வருஷம் சுவிட்சை ஆஃபில் திருப்பிவைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, சூடம் காட்டுவார். சூடம் அணைந்ததும் அவரே சுவிட்சை ஆட்டோவுக்குத் திருப்பிவிடுவார். மொத்தம் பத்து நிமிஷம். "ஒறங்க வச்ச கைதான் எழுப்பணும்" என்பார். இதுவரை ஒரு வருஷமும் தவறியதில்லை.

இரண்டு மணிக்குப் பெர்சிஸ் பம்ப் அறைக்குள் போனாள். சூடம் அணைந்து கரி படிந்து கிடந்தது. சுவிட்ச் ஆஃபில் இருந்தது. குமிழின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. பக்கத்து ஆணியில் கருநீலக் கை ஒன்று தொங்கியது. எட்டுக் கைகளையும் அந்த அறையில் வைத்துத்தான் அவர் வர்ணம் அடித்தார். கடைசியாக அடித்தது காயட்டும் என்று மாட்டிவைத்ததை, ஓடுகிற அவசரத்தில் மறந்துவிட்டிருந்தார்.

அவள் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனாள். பிறகு இழுத்துக்கொண்டாள்.

காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய பூஜையில் அவர் இஞ்சின் மேல் வைத்த எலுமிச்சம்பழம் உருண்டு ஃபேன் பெல்ட்டில் விழுந்துவிடுமே என்று அவள்தான் எடுத்து அப்பால் வைத்தாள். அந்த வாரமே அவர் மனைவி கோமு குளிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மில்தான் சொன்னது: வேதக்காரப்பிள்ளை சாமிப் பழத்தைத் தொட்டது என்று. அதிலிருந்து பூஜை போட்ட பொருளைப் பெர்சிஸ் தொடுவதில்லை. பயம் என்று சொல்ல முடியாது. அடுத்தவர் சாமி காரியத்தில் நமக்கென்ன கை என்கிற மரியாதை. காலையில் எப்படியும் சோதனைக்குத் திருப்பத்தானே வேண்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டு, பெண்கள் விடுதிக்குச் சுண்டல் விளம்பப் போய்விட்டாள்.

இருபது வருஷத்தில் அவள் செய்த ஒரே தப்பு அது. தப்பு என்று தெரியாமல் செய்யவில்லை.

மூன்றேகாலுக்கு மேல் கழிவுப் பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்தது. எல்லாப் பகுதியிலும் பூஜை. எங்கோ ஒரு விளக்கு சாய்ந்திருக்கிறது. கிடங்கு மாடியில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் பதினோரு பேர். இறங்க ஒரே படி. காவலர் மாடக்கண்ணு ஹைட்ரண்டைத் திறந்து ஹோஸைப் படியின் மேல் பிடித்தார். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. பிறகு இளைத்தது. பிறகு ஹோஸ் தொய்ந்து தரையில் கிடந்தது.

பெர்சிஸ் விடுதியிலிருந்து ஓடினாள். இருநூறு கஜம். சுவிட்ச் ஆஃப், சுவிட்ச் ஆஃப் என்று ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சு அடித்தது. வெயில் வெள்ளையாகக் கொதித்தது. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. ஆற்றோரத்து வேப்பமரத்தைத் தாண்டும்போது அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

கர்ர்ர்ர் என்று இஞ்சினை முடுக்குகிற சத்தம். பூட்டிய அறைக்குள்ளிருந்து.

கால் தானாக நின்றது. சத்தமும் நின்றது. அவள் அறியாமலே எண்ணினாள். பதினைந்து எண்ணியதும் மறுபடி கர்ர்ர்ர். ஆஃபில் கிடக்கிற பெட்டி முடுக்காது. ஸ்டார்ட்டருக்குக் கரண்டே போகாது. பதினோரு வருஷமாக அவளுக்குத் தெரிந்த பெட்டி அது. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தாள். கதவில் பூட்டு தொங்கியது.

இடுப்புச் சாவியை எடுத்தாள். திறந்தபோது மூன்றாவது முடுக்கு முடிந்திருந்தது. அறையில் யாரும் இல்லை. ஆணியில் கை தொங்கியது. சுவிட்ச் ஆட்டோவில் இருந்தது.

அதைப் பற்றி நினைக்க நேரம் இல்லை. நான்காவது முடுக்கில் இஞ்சின் இருமியது, பிடிக்கவில்லை. முடுக்குகிற வேகம் நன்றாக இருக்கிறது. ஆகவே பேட்டரி குற்றம் இல்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகையின் வாடைகூட இல்லை. ஆகவே டீசல் வந்து சேரவில்லை. வியாழக்கிழமை இரண்டு பேருமாக ஃபில்டர் மாற்றியிருந்தார்கள், ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். டீசல் லைனில் காற்று ஏறிவிட்டது. ஐந்தாவது முடுக்கு ஓடும்போதே அவள் ஸ்பேனரை எடுத்துவிட்டாள். அது ஓய்ந்ததும் ஃபில்டர் தலையில் இருக்கும் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தாள். நுரை வந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. இன்னும் நுரை. பன்னிரண்டில் தெளிந்த டீசல் விரலில் வழிந்தது. பதினான்கில் திருகை இறுக்கினாள்.

பதினைந்து.

ஆறாவது முடுக்கில் செவப்பி இஞ்சினைப் பிடித்துக்கொண்டாள். அறை அதிர்ந்தது. வெளியே வெகுதூரத்தில், ஹோஸ் திரும்ப விறைத்ததும் ஆண்கள் போட்ட கூச்சல் கேட்டது. பதினோரு பேரும் நனைந்த படியில் இறங்கி வந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் பெர்சிஸ் சுவிட்சைப் பார்த்தாள். குமிழில் காய்ந்திருந்த குங்குமம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்துத் திருப்பினால் தேய்கிற மாதிரி. திரும்பி ஆணியைப் பார்த்தாள். பலகைக் கையின் விரல் நுனியில் சிவப்பாக ஏதோ இருந்தது. ஐயம்பெருமாள் இட்ட பொட்டாக இருக்கலாம். இரண்டு மணிக்கு அது இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவில்லை. எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

ஐந்து மணிக்கு மாடக்கண்ணு தள்ளாடிக்கொண்டு வந்தார். "பெர்சிசு, ஐயம்பெருமாளு போயிட்டான்மா."

"ஒரு மணிக்கே போயிட்டாவளே அண்ணாச்சி."

"அந்தப் போக்கு இல்ல தாயீ" என்று அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்ரீவைகுண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டைக் கடந்து, திருநெல்வேலிக்குத் திரும்பும் பஸ் நிற்கிற பக்கத்தில் நின்றிருக்கிறார். ஒரு வேன் அடித்துவிட்டது. மூன்று மணி இருக்கும் என்று அங்கே டீக்கடைக்காரர் போலீசில் சொன்னார்.

துக்க வீட்டில் நெல்லையப்பன் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "பஸ்ஸுல பையத் தொறந்து கைய எண்ணினான். ஏழுதான் இருக்குன்னான். அங்கன, பம்ப் ரூம்புல ஆணியில மாட்டினேன்னு சொன்னவன் மொகம் சட்டுனு வெளுத்துப்போச்சு. ஏழு கையோட கட்டு வே, அம்மன் எண்ணிக்கிட்டா இருக்கப் போறான்னேன். காதுல வாங்கல. யாருக்கோ போனடிச்சான். எறங்கிட்டான்."

யாருக்கோ இல்லை. மில்லுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும்; மணி அடித்தால் காவலர் எடுத்துச் சொல்வார், அன்று ஒலிபெருக்கிச் சத்தத்தில் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பெர்சிஸ் தன் போனை எடுத்துப் பார்த்தபோது இரண்டு அழைப்புகள் இருந்தன. இரண்டு நாற்பத்தொன்று, இரண்டு நாற்பத்து மூன்று. அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம், பாவம், கையைக் கொடுத்துவிடச் சொல்லக் கூப்பிட்டிருப்பார் என்றார்கள். அவளும் அப்படியே நம்பப் பார்த்தாள். கைக்காக இறங்கினார் என்றால் அது அவருக்கும் அம்மனுக்கும் உள்ள காரியம். சுவிட்சுக்காக இறங்கினார் என்றால், இரண்டு மணிக்கு அதைப் பார்த்துவிட்டுத் தொடாமல் போனவள் அவள்.

திங்கட்கிழமை கன்ட்ரோலரைப் பரிசோதிக்க மதுரையிலிருந்து சிவசங்கரன் என்ற டெக்னீஷியன் வந்தான். மில் மேலாளர் ராஜராஜேஸ்வரி கூட நின்றாள். செவப்பி தன்னிடம் நடந்ததையெல்லாம் மணி நிமிஷத்தோடு பதிந்துவைப்பாள். அவன் திரையைத் தட்டி வாசித்தான்.

"பன்னண்டு அம்பதுக்கு ஆஃப் பண்ணியிருக்காங்க. மூணு பதினாலுக்கு ஆட்டோ. மூணு இருபத்தொண்ணுக்குப் பிரஷர் எறங்கியிருக்கு. ஏழு நிமிஷம் முந்தி போட்டிருக்காங்க மேடம். போடலைன்னா பதினோரு பேரு. யாரு போட்டது?"

இரண்டு பேரும் பெர்சிஸைப் பார்த்தார்கள்.

மூன்று பதினாலுக்கு அவள் விடுதியில் நூறு பெண்களுக்கு நடுவில் சுண்டல் வாளியோடு நின்றாள். ஒரு சாவி அவள் இடுப்பில் இருந்தது. இன்னொரு சாவி ஸ்ரீவைகுண்டத்தில், ஒரு பிணத்தின் இடுப்பு முடிச்சில் இருந்தது. போலீஸ்காரர்கள் அதை அவிழ்த்து மோதிரத்தோடு கோமுவிடம் கொடுத்தார்கள்.

"நான்தான் மேடம்" என்றாள் பெர்சிஸ்.

அவளுக்குப் பொன்னாடை போட்டார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுத்தாள் கொடுத்தார்கள். ஃபில்டர் திருகைத் தளர்த்திக் காற்று இறக்கியது உண்மையிலேயே அவள்தான், ஆகவே பாதிப் பொன்னாடை அவளுக்குச் சேர்ந்ததுதான். மற்றப் பாதி தோளில் கனத்தது.

பதினாறாம் நாள் கழித்து அந்தக் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு கோமுவைப் பார்க்கப் போனாள். கோமு பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

"இதுக்காகத்தான எறங்கினாவ. தெருவுல என்ன பேசுதாவ தெரியுமா? விரதக்காரன் பாதி வழியில திரும்பினான், அம்மன் அடிச்சிட்டான்னு. என் மவ பிருந்தா காதுபடவே சொல்லுதாவ. இத எடுத்துட்டுப் போயி ஆத்துல விட்டுரு."

"மதினி, ஒருவேள வேற காரியமா..."

"வேற என்ன காரியம்? ஒனக்கு எதாவது தெரியுமா?"

பெர்சிஸ் வாயைத் திறந்தாள். சுவிட்சை நான்தான் போட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அவர் சுவிட்சுக்காகத் திரும்பினார் என்று இனிச் சொன்னால் அதைப் போட்டது யார் என்ற கேள்வி வரும்; அந்தப் பொய்யே வழியை அடைத்துக்கொண்டு நின்றது. "எனக்கென்ன தெரியும்" என்றாள்.

குறுக்குத்துறைப் படியில் இறங்கித் தண்ணீர் வரை போனாள். விட மனம் வரவில்லை. மறுநாள் கை பழைய ஆணிக்கே வந்து சேர்ந்தது.

பிறகு அந்த அறையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதுதான் அவளை வாட்டியது. மாடக்கண்ணு மட்டும் மத்தியானத்துக்கு மேல் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். "உள்ள ரெண்டு பேரு பேசுத மாரி கேக்கு. ஒண்ணு நீ. இன்னொண்ணு யாருன்னு நான் கேக்கல, நீ சொல்லவும் வேண்டாம்" என்றார். பெர்சிஸ் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது நிஜம். இஞ்சின் சத்தத்துக்குப் பொருள் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள்.

சொல்லாத ஒன்று உண்டு. சனிக்கிழமை சோதனைக்கு அவள் சுவிட்சைத் தொடும்போது பெட்டி முழுக்க ஆற்றுக்காற்றில் சில்லென்று இருக்கும். குமிழ் மட்டும் சூடாக இருக்கும். கரண்ட் சூடு அவளுக்குத் தெரியும். உள்ளே வயரெல்லாம் கழற்றிப் பார்த்து இறுக்கியும் பார்த்துவிட்டாள். சிவசங்கரனிடம் போனில் கேட்டாள். அந்தக் குமிழ் வெறும் பிளாஸ்டிக், அதில் சூடேற வழியே இல்லை என்றான். இது வேறு சூடு. பஸ்ஸில் ஒருத்தர் இப்போதுதான் விட்ட கம்பியைப் பிடித்தால் தெரியுமே, அந்தக் கைச்சூடு.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குப் புதிதாக வந்த ஆபரேட்டர் சூடத்தட்டோடு சுவிட்சுக்குக் கை நீட்டினான். பெர்சிஸ் குறுக்கே நின்றாள். "இவ ஒறங்க வேண்டாம்பா. முழிச்சிருக்கும்போதே சூடத்தக் காட்டு." அவன் விழித்தான். காட்டினான். ஆணியில் தொங்கிய கைக்கும் ஒரு பொட்டு வைக்கப் போனவன் என்ன நினைத்தானோ, வைக்காமல் வந்துவிட்டான்.

விபத்து வழக்கு முடிந்து, போலீஸ் ஸ்டேஷனில் கிடந்த பொருட்கள் வீட்டுக்கு வந்தபோது பதினாலு மாதம் ஆகிவிட்டது. டிசம்பரில், ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடிய ஒரு திங்கட்கிழமை, கேட்டுப் பெட்டியிலிருந்து போனை எடுத்த பெர்சிஸ், பிருந்தாவிடமிருந்து ஒரு படம் வந்திருப்பதைப் பார்த்தாள். உடைந்த கண்ணாடிக்குள் ஒளிர்கிற பழைய போன் ஒன்றின் படம். கீழே பிருந்தா எழுதியிருந்தாள்: "அத்தை, அப்பா போனைச் சரிபண்ணி வாங்கினோம். உங்களுக்கு எழுதினது போகாம அதுலயே நிக்குது. அன்னைக்கு அப்பாவுக்கு நெட் தீர்ந்துபோயிருக்கு. அம்மா படிச்சிட்டா. நீங்களும் படிங்க."

பெர்சிஸ் படத்தைப் பெரிதாக்கினாள். அன்றைய தேதி. இரண்டு நாற்பத்தாறு.

"பெர்சிசு ரெண்டு தடவ கூப்பிட்டேன் நீ எடுக்கல. செவப்பிய ஆப்புல போட்டது போட்டபடி வந்துட்டேன். நீ பாத்தாலும் சாமி காரியம்னு தொடமாட்ட எனக்குத் தெரியும். கை கெடக்கட்டும் அது பெரிசில்ல. நான் எறங்கிட்டேன். வந்து நானே போட்டுருதேன்."